திருமலையில் பேர்சனல் ட்ரெயினர் வேலையை நம்பி இறங்கலாமா?

உப்புவெளிப் பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது. உயர்தரம் வணிகப் பிரிவில் செய்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது திருகோணமலை டவுனில் ஒரு ஜிம்மில் இன்ஸ்ட்ரக்டராக நிற்கிறேன். காலையில் கதவைத் திறப்பது, பிளேட்டுகளை அடுக்குவது, புதிதாகச் சேருகிற பெடியன்களுக்கு மெசினைக் காட்டிக் கொடுப்பது, இதுதான் வேலை. சம்பளம் பெற்றோலுக்கும் போனுக்கும் சரி.

இந்தத் துறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஆளை எடுத்து, அவருடைய உடம்புக்கு ஏற்ற மாதிரித் திட்டம் போட்டு, பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. எங்கள் ஜிம்முக்கு ஒரு அங்கிள் வருகிறார். சுகரும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. "தம்பி, எனக்கு எது நல்லது" என்று என்னிடம்தான் கேட்கிறார். அவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. அதனால் டிரெட்மில்லில் மெதுவாக நடக்க மட்டும் விட்டிருக்கிறேன்.

அப்பா அரசாங்க வேலைக்குப் படி என்கிறார். மாமா கட்டாருக்கு வா என்கிறார். திருமலையில் இருந்துகொண்டே இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? எந்தக் கோர்ஸ் செய்தால் மதிப்பு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று 75

தம்பி, மனம் நோகாமல் கேள். நான் வங்கியில் வேலை செய்கிறேன். ஜிம் போடப் போகிறேன், மெசினுக்குக் கடன் வேண்டும் என்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தை மாதம் ஆள் நிறையும். பிறகு பள்ளிக்கூடச் செலவு, பெருநாள், திருவிழா என்று வந்தால் சனம் முதலில் நிறுத்துவது ஜிம் காசைத்தான். கார்த்திகை மார்கழியில் மழை பிடித்துவிட்டால் விடிய ஐந்தரைக்கு யார் வரப்போகிறார்கள்? ஓய்வூதியம் உள்ள வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இரு. இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

கோட்டைவாசல்

பாலையூற்று அண்ணா சொல்வது ஜிம் போடுகிறவர்களுக்குச் சரி. தம்பி கேட்பது வேறு தொழில். நான் நெடுநாளாக இந்த ஊரில் ட்ரெயினர் வேலை செய்துதான் குடும்பம் நடத்துகிறேன். எனக்குச் சொந்த ஜிம்மும் இல்லை, மெசின் கடனும் இல்லை.

முதலில் யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார். கை பெருக்க வருகிற பெடியன் ட்ரெயினருக்குக் காசு தரமாட்டான். அவன் போனில் வீடியோ பார்த்துப் பழகுவான், அதில் பிழையும் இல்லை. எனக்குக் காசு தருகிறவர்கள் நாற்பத்தைந்து தாண்டியவர்கள். கந்தோரில் இருந்து இருந்து நாரி பிடித்தவர்கள், கிளினிக்கில் டொக்டர் "உடம்பை அசையுங்கோ" என்று சொல்லி அனுப்பியவர்கள், முழங்கால் நோவால் கோணேசர் கோயில் ஏற்றம் ஏறமுடியாமல் போன அம்மாக்கள். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள், தாய் தகப்பன் உவர்மலையிலோ லிங்கநகரிலோ தனியாக இருப்பார்கள். அம்மாவை வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து செய்விக்க முடியுமா என்று பிள்ளைகள் அங்கிருந்து கேட்பார்கள். அந்தக் காசு மாதத்தின் முதலாம் திகதியே வந்துவிடும், மழை வெயில் பார்க்காது.

மே தொடக்கம் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹொட்டல்களில் வெள்ளைக்காரர் இருப்பார்கள். ஆங்கிலம் தெரிந்தால் அந்த வேலையும் கிடைக்கும். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதே, சீசன் முடிந்தால் ஊர் ஆள்தான் மிச்சம். சிங்களமும் பழகு. இந்த ஊரில் மூன்று மொழியும் கதைக்கிற ட்ரெயினருக்கு வேலை குறையாது.

நேரம் இப்படித்தான் போகும்: விடிய 5.15 தொடக்கம் ஒன்பது வரை, பிறகு பின்னேரம் 4.30 தொடக்கம் எட்டரை வரை. நாளுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் எடுத்தால் கடைசி ஆளுக்கு உன் கண் இருக்காது. பகல் வெறுமை. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற நாளில் பதினொரு மணிக்கு யாரையும் வெளியில் ஓடவிடாதே, காசு தந்தாலும் விடாதே.

இப்போது வேலையைப் பற்றி. முதல் நாள் எடை தூக்க வைக்கவே கூடாது. பார்-கியூ என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது: நெஞ்சு நோ வருமா, தலை சுற்றி விழுந்தது உண்டா, எலும்பு மூட்டில் பிரச்சினை உண்டா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்கும். அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து வாசித்து நிரப்பு. பிறகு கைபிடி இல்லாத கதிரை ஒன்றைச் சுவரோடு வை. இருக்கை 17 அங்குல உயரம் இருக்க வேண்டும். ஆளை இருத்தி, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டச் சொல்லி, 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்கிறார் என்று எண்ணு. அறுபது தொடக்கம் அறுபத்துநான்கு வயது ஆணுக்குப் 14க்குக் கீழும், பெண்ணுக்குப் 12க்குக் கீழும் வந்தால் கால் பலம் அந்த வயதுக்குக் குறைவு. எழுதி வை. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எண்ணும்போது அந்த ஆளின் முகத்தைப் பார், விளம்பரமே தேவைப்படாது.

அடுத்தது இடுப்பில் இருந்து குனியப் பழக்குவது. தும்புத்தடியின் பிடியைக் கழற்றி முதுகோடு நிறுத்திப் பிடிக்கக் கொடு. பின்தலை, முதுகின் மேற்பகுதி, குண்டிப்பூட்டு மூன்றும் தடியில் முட்ட வேண்டும். அப்படியே குண்டியைப் பின்னுக்குத் தள்ளிக் குனியச் சொல். முதுகு வளைந்தால் தடி தலையில் இருந்து விலகும், அவருக்கே தெரியும், நீ கத்தத் தேவையில்லை. இது வடிவாக வந்த பிறகுதான் கையில் எடை. அரிசி மூட்டை தூக்கி நாரி பிடிக்காமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

உப்புவெளிப் பெடியன்

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. கதிரைச் சோதனையை இன்றைக்கே அம்மாவுக்குச் செய்து பார்த்தேன். நான் கேட்டபடி அந்த அங்கிளின் விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். அவர் சுகருக்கு இரண்டு விதக் குளிசை எடுக்கிறார், பிரஷருக்கு ஒன்று.

வார்ட் 7 பிசியோ

நான் இயன்மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன். தம்பி, முதலில் அவருடைய கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல். மருந்தின் பெயரை வாயால் கேட்காதே, கொப்பியில் பார்.

மெட்போமின் மட்டும் எடுக்கிறவருக்குப் பயிற்சியில் சுகர் இறங்குவது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர் என்றால் கவனம். தொடங்க முன் விரலில் குத்திச் சுகர் பார்க்கச் சொல். 90க்குக் (மி.கி./டெ.லீ.) கீழே என்றால் ஒரு வாழைப்பழமோ நான்கைந்து பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். இடையில் வியர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறினால் உடனே நிறுத்து. 70க்குக் கீழே போயிருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடம் இருத்தி வை, திரும்பப் பார். மயங்கிய ஆளின் வாயில் ஒன்றும் ஊற்றாதே. 1990க்கு அடி, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மறுபக்கம், 250க்கு மேல் இருந்து உடம்பும் முடியாமல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.

பிரஷருக்கு எடுப்பது அட்டினோலோல், பிசோபுரோலோல் மாதிரி மருந்து என்றால் அவருடைய நாடித்துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறாது. நாடித்துடிப்பின் உச்ச அளவைப் பார்க்க 220இல் வயதைக் கழிக்கிற கணக்கு அவருக்கு உதவாது. கதைத்துப் பார்: வசனம் வசனமாகக் கதைக்க முடிந்தால் மிதமான வேகம், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கூடிவிட்டது. இந்த மருந்து சுகர் இறங்கும்போது வருகிற நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். பெரும்பாலும் வியர்வைதான் தெரியும். அதனால் இப்படியானவரைத் தனியே டிரெட்மில்லில் விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போகாதே. ஓய்வாக இருக்கும்போதே பிரஷர் 180க்கு 110 தாண்டினால் அன்று தொடங்காமல் டொக்டரிடம் அனுப்பு. எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்க விடாதே, தூக்கும்போது வெளியே விடச் சொல்.

கடைசியாகக் கால். நெடுநாள் சுகர் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். செருப்போடும் வெறுங்காலோடும் பயிற்சி வேண்டாம், சப்பாத்தும் காலுறையும் போடட்டும். முடிந்த பிறகு பாதத்தைப் பார்க்கச் சொல்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நோ எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது உன் வேலை இல்லை. கால் விறைக்கிறது, இரவில் நோ எழுப்புகிறது, நெஞ்சு இறுக்குகிறது என்றால் அனுப்பிவிடு. நேரத்துக்கு அனுப்பத் தெரிந்த ட்ரெயினரிடம்தான் நாங்களும் ஆக்களைத் திருப்பி அனுப்புவோம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு தொடர்ந்து செய்விக்க நம்பிக்கையான ஆள் கிடைக்காமல் நாங்கள் தடுமாறுகிறோம்.

இரும்புக்கை

எல்லோரும் வயது போன ஆக்களையே கதைக்கிறீர்கள். பெடியன்களிடமும் உழைக்கலாம். பவுடர், பிரீ வேர்க்அவுட் விற்றால் கொமிஷன் இருக்கிறது. போட்டிக்கு இறங்குகிறவனுக்கு "மற்றதையும்" ஒழுங்குபண்ணிக் கொடுத்தால் ட்ரெயினிங் காசைவிட அதில் கூட வரும். ஊரில் நடக்காத விஷயமா?

கோட்டைவாசல்

நடக்கிறது. அதனால்தான் தம்பி வாசிக்கிற இடத்தில் இதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

"மற்றது" என்றால் ஸ்டீரொய்ட் ஊசி. விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்க 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமே இந்த நாட்டில் இருக்கிறது. சட்டத்தை விடு. இருபது வயதுப் பெடியனுக்கு வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் அவனுடைய உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தும், விதை சுருங்கும், மார்பு பெண்களுடையது மாதிரித் தடிக்கும், நல்ல கொலஸ்ட்ரோல் விழுந்துபோகும். நாளைக்குப் பிள்ளை இல்லை என்று அவன் கிளினிக்கில் நிற்கும்போது கொமிஷன் வாங்கியவன் பக்கத்தில் நிற்கமாட்டான்.

புரதம் வேண்டுமென்றால் இந்த ஊரில் கடல் இருக்கிறது. 100 கிராம் சூரை மீனில் 23 கிராமுக்குக் கிட்டப் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். எடை தூக்குகிறவனுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் போதும். 60 கிலோ பெடியனுக்கு 96 கிராம். மீன், முட்டை, பருப்பு, கடலை, தயிர் என்று பிரித்தால் பவுடர் இல்லாமலே வந்துவிடும். பவுடர் குடிப்பது குற்றம் இல்லை, வசதி இருந்தால் குடிக்கட்டும். விற்கிறவனும் திட்டம் போடுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதுதான் என் நிலை.

பாலைக்காற்று

டுபாயில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் சீனக்குடா. சேர்டிபிகேட் பற்றிக் கேட்டாய் தம்பி.

அமெரிக்கப் பக்கம் ஏ.சி.ஈ, என்.ஏ.எஸ்.எம், ஏ.சி.எஸ்.எம், என்.எஸ்.சி.ஏ என்று ட்ரெயினருக்குச் சேர்டிபிகேட் கொடுக்கிற இந்த நான்கு அமைப்பையும் எங்கேயும் தெரியும். 18 வயது, பள்ளிப்படிப்பு, செய்முறையோடு எடுத்த சி.பி.ஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துகிற முதலுதவி) சேர்டிபிகேட், இவை இருந்தால் போதும். ஏ.சி.ஈ பரீட்சையில் 150 கேள்வி, மூன்று மணித்தியாலம். என்.ஏ.எஸ்.எம் 120 கேள்வி, இரண்டு மணித்தியாலம். இரண்டும் ஆங்கிலம், இரண்டையும் ஒவ்வொரு இரண்டு வருடத்துக்கும் புதுப்பிக்க வேண்டும். காசு டொலரில். விளையாட்டு வீரரைப் பயிற்றுவிக்கிறவருக்கான என்.எஸ்.சி.ஏயின் சி.எஸ்.சி.எஸ்ஸுக்குப் பட்டம் வேண்டும், இப்போது அதை நினைக்காதே.

இங்கே ஜிம்மில் ட்ரெயினராக நிற்க ரெப்ஸ் யூ.ஏ.ஈ என்கிற ட்ரெயினர் பதிவேட்டில் பதிவு கேட்பார்கள். சேர்டிபிகேட் எதுவென்று பார்த்துத்தான் பதிவு தருவார்கள். இரண்டு நாளில் கையில் கொடுக்கிற சேர்டிபிகேட்டுக்கு இங்கே மதிப்பில்லை. இன்னொரு விஷயம், அடிப்படைச் சம்பளம் சின்னது. மாதம் இத்தனை பக்கேஜ் விற்க வேண்டும் என்று டார்கெட் இருக்கும், அதில் கிடைக்கிற கொமிஷனில்தான் வாழ்க்கை. ஊரில் "ட்ரெயினர் வேலை" என்று சொல்லிக் கூட்டிவந்து, இங்கே மெசின் துடைக்க விட்டதையும் கண்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் பதவிப் பெயர் என்ன என்று பார், ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார், பிறகு பாஸ்போர்ட்டைக் கொடு. என் அபிப்பிராயம், முதல் இரண்டு வருடம் ஊரிலேயே ஆக்களைப் பழக்கி அனுபவம் எடு. இங்கே யாரும் சொல்லித்தரமாட்டார்கள்.

வார்ட் 7 பிசியோ

சேர்டிபிகேட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. உள்ளூரில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மதிப்பு. எந்த நிறுவனத்தில் சேர முன்னும் அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரம் உண்டா, எத்தனையாம் மட்டம் என்று மூன்றையும் கேள். மூன்றாம் நான்காம் மட்டம் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஏற்கனவே வேலை செய்கிறவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையும் அந்த அமைப்பில் இருக்கிறது. ஜிம்மில் நீ செய்கிற வேலைக்குக் கடிதம், படம், பதிவு எல்லாம் இப்போதிருந்தே சேர்த்து வை.

எல்லாவற்றுக்கும் முதல், முதலுதவி. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸும் வகுப்பு நடத்துகின்றன. சி.பி.ஆரில் நெஞ்சை 5 தொடக்கம் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தரம் அழுத்த வேண்டும். வாசித்து வராது. பொம்மையில் கை வைத்துக் களைக்கக் களைக்கச் செய்து பார்க்க வேண்டும்.

கிண்ணியா உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த இழையில் பெண்கள் ஒருவரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கிண்ணியாவில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்துகிறேன், சில நாள் பாலம் தாண்டி டவுனுக்கும் வருவேன். தம்பி, உனக்குத் தங்கையோ தெரிந்த பிள்ளையோ இந்தத் துறையில் விருப்பம் என்றால் தைரியமாக வரச் சொல். ட்ரெயினர் பெண் என்றால்தான் வீட்டில் விடுவார்கள் என்கிற பெண்கள் மூன்று சமூகத்திலும் ஏராளம். அவர்களுக்கு ஆள் போதாது.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற எட்டரை தொடக்கம் பத்தரை வரைதான் எனக்கு நிறைந்த நேரம், உங்களுக்கு வெறுமையான நேரம். ஒரு ஹோல், பாய், எலாஸ்டிக் பட்டி, தண்ணீர் நிரப்பிய ஐந்து லீற்றர் போத்தல். ஐந்து கிலோ ஐந்து கிலோதான், போத்தலில் இருந்தால் என்ன, டம்பெல்லில் இருந்தால் என்ன. கதவு உள்ளே பூட்டியிருக்கும், போன் எல்லாம் வாசலில் ஒரு கூடைக்குள். முன்னுக்கு இப்படி இருந்தார், பின்னுக்கு இப்படி ஆனார் என்று படம் போட்டு விளம்பரம் செய்யச் சொல்கிறார்கள். நான் ஒரு படமும் போட்டதில்லை. போடமாட்டேன் என்று தெரிந்துதான் அவர்கள் வருகிறார்கள்.

பிள்ளை பெற்று வருகிறவர்கள் முதலில் கேட்பது வயிற்றைத்தான். ஆறு கிழமைக் கிளினிக் முடிந்து டொக்டர் சரி என்ற பிறகு, மூச்சு விட்டு அடிவயிற்றை இழுத்துப் பிடிப்பதில் தொடங்குவேன். மல்லாக்கப் படுத்துத் தலையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே நடுவில் விரலை வைத்துப் பார்ப்பேன். தசை இரண்டாகப் பிரிந்து இடைவெளி இருந்தால் சிட்-அப் கிடையாது, பிசியோவிடம் ஒரு தரம் காட்டச் சொல்வேன். சிசேரியன் என்றால் இன்னும் மெதுவாகத்தான். மாமியார் சொன்ன நாட்டுக்கட்டு, பக்கத்து வீட்டார் சொன்ன கசாயம் எல்லாவற்றையும் அவர்கள் சொல்வார்கள். முழுக்கக் கேட்க வேண்டும். கேட்காமல் வெட்டிப் பேசினால் அடுத்த நாள் வரமாட்டார்கள்.

நோன்பு காலத்தில் பகலில் பாரமான பயிற்சி வேண்டாம். நோன்பு திறந்து, தொழுது, கொஞ்சம் செரித்த பிறகு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வைப்பேன். சுகர் மருந்து எடுக்கிறவர் நோன்பு பிடிப்பது பற்றி டொக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். டவுனில் கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற அக்காமாருக்கும் அந்த ஆறு நாளும் இழுத்து விடுகிற இலேசான பயிற்சி மட்டும்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்

காசு கொடுக்கிற பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. நான் காலையில் கோட்டைக்குள் நடக்கிறவன். நடை நல்லதுதான், மான்களையும் பார்த்துக்கொண்டு கோயில் வரை போய்வரலாம். ஆனால் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தால் கை ஊன்றாமல் எழும்ப முடியாமல் போயிற்று. உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்று சொல்கிறது, அந்த இரண்டாவது பாதியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ட்ரெயினரை வைத்த பிறகு பூசைக்கு நிலத்தில் இருந்து எழும்புகிறேன். பயிற்றுவிக்கும் தம்பி நேரம் தவறாமல் வருவார், போன் பார்க்கமாட்டார், போன முறை எத்தனை செய்தேன் என்று கொப்பியில் குறித்து வைத்திருப்பார். அவருடைய கை எவ்வளவு பெரிது என்று நான் பார்த்ததில்லை. மகனே, கற்பிப்பதும் இதுதான். மாணவன் நேற்று எங்கே நின்றான் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

பாலையூற்று 75

வாசித்துக்கொண்டு வருகிறேன். வீட்டுக்குப் போய்ச் செய்கிற வேலையில் முதலீடு தேவையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதுமைக்கு என்ன வழி? உனக்கு நாரி பிடித்தால் அந்த மாதம் வருமானம் பூச்சியம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்

நியாயமான கேள்வி அண்ணா. தம்பி இப்போது நிற்கிற ஜிம்மில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) போடுகிறார்களா என்று முதலில் கேட்கட்டும். முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) முதலாளி மட்டும் 3 வீதம். இது சலுகை இல்லை, சட்டம். தனியே இறங்கிய பிறகு அந்த 23 வீதத்தையும் தானே ஒதுக்கி வைக்க வேண்டும். கட்டணம் சொல்லும்போதே அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் ஜிம் சம்பளத்தைப் பார்த்து அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு கஷ்டப்படுகிறார்கள்.

மாதக்காசு முற்பணம். முந்தின நாள் இரவுக்குள் சொன்னால் வகுப்பை மாற்றித் தரலாம், விடிய ஐந்து மணிக்கு வட்ஸ்அப்பில் "இண்டைக்கு ஏலாது" என்றால் அந்த வகுப்பு போனது போனதுதான். வாயால் சொல்லாமல் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயம் எழுத வேண்டும். நீ சுகமில்லாமல் போனால் அந்த வகுப்புகள் அடுத்த மாதத்துக்குப் போகும் என்பதையும் அதிலேயே எழுது.

மூதூர் வாசகன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே யோசனையில்தான் இருக்கிறேன். வீட்டு முன் அறையில் நான்கைந்து பேரை வைத்துச் செய்யலாமா? என்ன பதிவு வேண்டும்?

கோட்டைவாசல்

செய்யலாம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள், அனுமதிப்பத்திரம் பற்றி உங்கள் பிரதேச சபையில் கேள். வங்கிக் கணக்கு அந்தப் பெயரில் திற, பிறகு பாலையூற்று அண்ணா மாதிரி ஆளிடம் போகும்போது காட்ட ஒன்று இருக்கும். தரை வழுக்காமல் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் யன்னல் திறக்க வேண்டும், பிரஷர் பார்க்கிற மெசின் ஒன்று வாங்கு. டம்பெல்லை அதற்குப் பிறகு வாங்கலாம். ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம்.

உப்புவெளிப் பெடியன்

முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பார்-கியூவைத் தமிழில் எழுதுகிறேன், முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். வார்ட் 7 பிசியோ, கிண்ணியா அக்கா, இரண்டு பேரும் பார்த்துப் பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள். மூதூர் அண்ணா, உங்களுக்கும் அது உதவும்.